சலங்கை யாருக்குச் சொந்தம்? திரை நடனத்தில் காதலும் பெண்ணின் தன்னுரிமையும்



இந்தப் பொழிவுத் தொடரில் இதற்கு முன் இலக்கணமும் காப்பியமும் பேசப்பட்டிருக்கின்றன. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது திரைப்படம். மொழி மன்றத்தின் மேடையில் திரைப்பட நடனத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நடனத்தில் ஒரு பெண் தன் காதலைப் பலர் அறியச் சொல்கிறாள். அப்படிச் சொல்லும் உரிமையை நம் சமூகம் எந்த அளவுக்கு அவளுக்குத் தந்தது, எப்போது பறித்தது, பறித்ததை எந்தப் பெயரால் செய்தது என்பதெல்லாம் நம் மொழியின் வரலாற்றோடு பிணைந்து கிடக்கிறது. ஆதிமந்தியார் என்னும் சங்கப் புலவரின் குறுந்தொகைப் பாட்டை எண்ணிப் பாருங்கள். காதலனைத் தேடியலையும் பெண் அதில் தன்னை ஓர் ஆடுகள மகள் என்றே அறிவித்துக்கொள்கிறாள். அவள் காதலனும் ஆடுபவனே. காதலையும் தொழிலையும் ஒரே மூச்சில், நாணமின்றி, பெருமிதத்தோடு சொல்லும் குரல் அது. அந்தக் குரல் பிற்காலத்தில் என்னவாயிற்று என்பதே நம் கேள்வி.

விடையைத் தேடிச் சென்னைக்கோ தஞ்சைக்கோ போக வேண்டியதில்லை. இந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்கு வீதியிலிருந்து வெள்ளித்தேர் புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கிச் செல்வதை இங்குள்ளவர்களில் பார்க்காதவர் இரார். 1894இல் காரைக்குடியில் செய்து கொண்டுவரப்பட்ட தேர் அது. தேருக்கு முன்னே நாதஸ்வரமும் தவிலும் முழங்குகின்றன. தமிழ்நாட்டுக் கோயில் வழக்கில் அதற்குப் பெரிய மேளம் என்று பெயர். பெரிய மேளம் என ஒன்று இருந்தால் சின்ன மேளம் என ஒன்றும் இருந்தாக வேண்டும் அல்லவா? இருந்தது. நட்டுவனாரும் பக்க இசைக்காரர்களும் சூழ, ஆடும் பெண்ணைத் தலைமையாகக் கொண்ட குழுவுக்குத்தான் சின்ன மேளம் என்று பெயர். சதிர் என்று அந்த ஆட்டத்தைச் சொன்னார்கள். இரு மேளங்களும் ஒரே சமூகத்து மக்களின் கையில் இருந்தன. ஒரே வீட்டில் அண்ணன் நாதஸ்வரம் வாசிப்பார், தங்கை ஆடுவாள். இறைவன் வீதியுலா வரும்போது இரண்டும் உடன் வந்தன. இன்று பெரிய மேளம் கடல் கடந்து நம் பினாங்கு வீதி வரை வருகிறது. சின்ன மேளத்தைக் காணோம்.

இந்த இழப்பு மனத்தில் இருந்தால்தான், நாம் இன்று விரித்துப் பேசப்போகும் படம் முழுமையாகப் புலப்படும். 1968ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' அது. ஏ.பி. நாகராஜன் இயக்கியது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்னும் புனைபெயரில் 'ஆனந்த விகட'னில் தொடராக எழுதிய கதை, கோபுலுவின் ஓவியங்களோடு 1950களின் பிற்பகுதியில் வாரந்தோறும் வீடுகளுக்குள் சென்றது. பத்தாண்டுகளுக்குப் பின் சிவாஜி கணேசன் சிக்கல் சண்முகசுந்தரமாகவும், பத்மினி திருவாரூர் மோகனாம்பாளாகவும் திரையில் தோன்றினார்கள். நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரைச் சகோதரர்களான எம்.பி.என். சேதுராமனும் எம்.பி.என். பொன்னுசாமியும், இசை கே.வி. மகாதேவன். இதைப் பலமுறை பார்த்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். நாகேஷின் வைத்தியையும் டி.எஸ். பாலையாவின் தவிலையும் சொன்னாலே முகங்களில் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரிப்புக்கு நடுவே ஒரு வரலாறு ஓடுவதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

கதையின் முதல் மோதலைப் பாருங்கள். ஒரு நாதஸ்வரக் கலைஞனுக்கும் ஒரு நடனக் கலைஞருக்கும் இடையே, யார் பெரியவர் என்ற போட்டி. தனிப்பட்ட செருக்கு என்று அதைக் கொள்வது எளிது. உண்மையில் அது பெரிய மேளத்துக்கும் சின்ன மேளத்துக்கும் இடையிலான பழைய வழக்கு. 1968இல் அரங்கில் அமர்ந்து அதைப் பார்த்தவர்களுக்கு அந்த வழக்கில் ஒரு தரப்பு ஏற்கெனவே இல்லாமற் போயிருந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறி இருபத்தோராண்டுகள் ஆகியிருந்தன.

அந்தச் சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே செல்ல இயலாது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை வரிசையாகக் குறிக்கிறது. ஒவ்வொருவருக்கும் வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் பங்காகத் தரப்பட்டன. கையில் கலையும் தலைக்குமேல் கூரையும் களஞ்சியத்தில் நெல்லும் இருந்த பெண்கள் அவர்கள். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல மானியங்கள் சுருங்கின. கோயிலின் இடத்தில் நிலக்கிழாரும் மைனரும் வந்து நின்றார்கள். ஆடுபவளுக்குப் புரவலன் தேவை; புரவலனுக்கோ ஆட்டம் மட்டும் போதவில்லை. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் இந்த முறையை எதிர்த்துப் போராடினார். அந்தச் சமூகத்திலேயே பிறந்து அதன் கொடுமையை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' என்னும் நாவலை எழுதினார். மறுபுறம், தங்கள் கலையும் வாழ்வும் சொத்துரிமையும் பறிபோகும் என்று அஞ்சி எதிர்மனு அளித்த பெண்களும் அதே சமூகத்தில் இருந்தார்கள். சட்டம் தேவையானது என்பதே நம் கருத்து. குழந்தைப் பருவத்தில் ஒரு பெண்ணின் வாழ்வை மற்றவர் முடிவு செய்துவிடும் முறையை எந்தக் கலையின் பெயராலும் காக்க முடியாது. ஆனால் பொட்டு அறுபட்டபோது அதனோடு சேர்ந்து சலங்கையும் அறுபட்டது. அதே காலத்தில் ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றது. 1935இல் ருக்மிணி தேவி அடையாறில் ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றியது. ஆட்டம் வீடு மாறியது. முன்பு ஆடியவர்களின் பெண்களும் பேத்திகளும் தங்கள் பாட்டிமாரின் தொழிலை வெளியில் சொல்லக் கூசும் நிலை வந்தது.

இப்போது மோகனாம்பாளிடம் திரும்புவோம். அவள் எந்தச் சமூகத்தவள் என்று படம் வாய்திறந்து சொல்வதில்லை. அவளுடைய தாய் வடிவாம்பாள் மகளுக்கு ஒரு செல்வந்தரைத் தேடுவதிலிருந்தும், சிங்கபுரம் மைனர் முதல் மதன்பூர் மகாராஜா வரை ஒவ்வொருவராக வைத்தியின் வழியே வந்து நிற்பதிலிருந்தும் நமக்கே விளங்கிவிடுகிறது. சி.கே. சரஸ்வதி நடித்த அந்தத் தாயைப் பேராசைக்காரி என்று சிரித்து ஒதுக்கிவிடுகிறோம். கொஞ்சம் நின்று எண்ணினால், தன் தலைமுறையில் ஒரு பெண் வாழ்ந்திருக்க ஒரே வழியாக இருந்ததைத்தான் அவள் மகளுக்கும் தேடுகிறாள் என்பது தெரியும். மோகனாம்பாள் அந்த வழியை மறுக்கிறாள். தன் உடலுக்கு உரியவனைத் தானே தேர்வேன் என்கிறாள். அதே சமயம் தன் ஆட்டத்தை விடவும் அவள் ஒப்பவில்லை. நம் கவனத்துக்கு உரியது இந்த இரண்டாவது மறுப்பு. சட்டத்தின் பக்கம் நின்றவர்கள் ஆட்டத்தை விடு, மானத்தோடு வாழலாம் என்றார்கள். பழைய முறையின் பக்கம் நின்றவர்கள் ஆட்டம் வேண்டுமானால் புரவலனையும் ஏற்றுக்கொள் என்றார்கள். இருவருக்கும் ஒரே சமயத்தில் இல்லை என்று சொல்கிற பெண் அவள்.

அவள் இதை வசனத்தில் சொல்வதைவிட ஆட்டத்தில் சொல்வதுதான் மிகுதி. தூணுக்குப் பின்னே ஒளிந்து நின்று சண்முகசுந்தரம் அவள் ஆட்டத்தைப் பார்க்கும் காட்சியை நினைவுகூருங்கள். போட்டிக்காரியின் ஆட்டத்தை நேரே வந்து பார்க்க அவன் செருக்கு இடந்தரவில்லை. பார்க்காமலிருக்க மனமும் இடந்தரவில்லை. அவள் கண்டுகொள்கிறாள். பாட்டு முருகனை விளித்துப் பாடப்படுகிறது. முருகனுக்குச் சண்முகன் என்றும் பெயர். ஒளிந்திருப்பவனுக்கும் அதுவே பெயர். கோயிலில் கூடியிருக்கும் அவைக்கு அது பக்திப் பாட்டு. தூணுக்குப் பின்னே இருப்பவனுக்கு அது நேருக்கு நேரான கேலி, அழைப்பு, காதல் எல்லாம். ஓர் ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஒருவனுக்கு மட்டும் கேட்கும்படி ஒரு பெண் பேசுகிறாள். நம் நாட்டியத்தில் பதம் என்னும் வகையின் மூச்சே இதுதான். நாயகன் இறைவன் என்று வைத்துக்கொண்டு, தலைவியின் ஏக்கம், ஊடல், சினம், வேட்கை அனைத்தையும் வெளிப்படையாக ஆடிவிடலாம். வீட்டுக் கூடத்தில் ஒரு பெண் சொன்னால் வாயை மூடு என்று சொல்லப்படும் சொற்களை, அபிநயத்தின் மறைவில் ஆயிரம் பேர் முன் சொல்ல அவளுக்கு இடமிருந்தது. இந்த மரபைப் பத்மினியின் விழியும் புருவமும் அந்தச் சில நிமிடங்களில் எவ்வளவு எளிதாகக் கையாளுகின்றன என்று மாணவர்கள் ஒலியை நிறுத்திவிட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பின்னால் வரும் இன்னொரு காட்சி இதைவிட நுட்பமானது. போட்டிக் கச்சேரியில் சண்முகசுந்தரத்தின் மேல் கத்தி பாய்ந்து, அவன் உயிர் பிழைத்துத் தேறிய பின், இருவரும் மீண்டும் ஒரே மேடைக்கு வருகிறார்கள். நடுவில் அவனைக் காண அவளுக்கு வாய்ப்பில்லை, சூழ்ந்திருப்பவர்கள் விடவில்லை. எனவே நலம் விசாரிப்பதையே அவள் ஆட்டமாக்குகிறாள். அவன் நாதஸ்வரத்தால் விடை சொல்கிறான். காதலர் இருவர் மனம்விட்டுப் பேசும் காட்சியில் ஆணின் வாயில் ஒரு சொல்கூட இல்லை, சீவாளி இருக்கிறது. பேசுபவள் அவள் மட்டுமே. தமிழ்த் திரையில் காதற்காட்சி என்றால் ஆண் துரத்துவதும் பெண் நாணுவதும் என்று வகுக்கப்பட்டிருந்த காலத்தில், இங்கே கேள்வி பெண்ணுடையது.

இதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே, 1948இல், எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' நடனத்தை வேறொரு வகையில் பயன்படுத்தியிருந்தது. கட்டாயத் திருமணத்துக்கு இசைவது போல் நடிக்கும் நாயகி, அதற்குமுன் முரசு நடனம் ஒன்று நடக்கட்டும் என்கிறாள். மாபெரும் முரசுகளின்மேல் பெண்கள் ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து படைவீரர்கள் வெளிவருகிறார்கள். டி.ஆர். ராஜகுமாரியின் ஆட்டம் அங்கே போர்த்தந்திரம். 1958இல் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் எதிரெதிரே ஆடியதையும் நீங்கள் அறிவீர்கள். யார் வென்றார் என்று படம் சொல்லாமலே விட்டுவிட்டதால், பல வீடுகளில் அந்த வழக்கு இன்னும் முடிவுறாமல் இருக்கிறது. இவையெல்லாம் கண்ணுக்கு விருந்து. ஆட்டத்தையே வாழ்வாகக் கொண்ட பெண்ணின் உள்ளம் இவற்றின் பொருளன்று.

'தில்லானா மோகனாம்பா'ளிலும் நமக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. மதன்பூர் அரண்மனையில் நாயகன் அவளை ஐயுறுகிறான். அதுவரை அவள் மறுத்த மைனர்களையும் மகாராஜாக்களையும் அவன் அறிவான். அவள் ஆட்டத்தில் தனக்காகச் சொன்னதையெல்லாம் கேட்டு உருகியவன் அவன். என்றாலும் ஓர் அறையிலிருந்து அவள் வெளியே வருவதைக் கண்ட மாத்திரத்தில் நம்பிக்கை உதிர்ந்துவிடுகிறது. அவள் தன் தூய்மையை உயிரைப் பணயம் வைத்து மெய்ப்பிக்க வேண்டியதாகிறது. ஐயுற்றவன் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஆசிரியப் பெருமக்களுக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்திருக்கும். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் கற்றுப் பன்னிரண்டு வயதில் சோழன் அவையில் அரங்கேறினாள். தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் அவளுக்குப் பரிசாயின. அந்த மாலையைக் கூனி ஒருத்தி கையில் கொடுத்து நகர நம்பியர் திரியும் வீதியில் நிறுத்தியதும், கோவலன் அதை வாங்கியதும் நாம் வகுப்பில் நடத்துகிற கதை. கலைக்குக் கிடைத்த பரிசு அன்றைய பொழுதிலேயே விலைச்சீட்டாக மாறுகிறது என்பதை இளங்கோ எவ்வளவு அமைதியாகச் சொல்லிச் செல்கிறார்! பின்பு கானல்வரியில் என்ன நிகழ்ந்தது? கோவலன் யாழ் மீட்டிப் பாடினான். அவன் மனம் வேறிடத்தில் இருக்கிறது என்று எண்ணிய மாதவி, தானும் அவ்வாறே குறிப்பு வைத்துப் பாடினாள். அவள் பாடியதைக் கலையாகக் கேட்க அவனால் முடியவில்லை, வாக்குமூலமாகக் கேட்டான். எழுந்து போய்விட்டான். அவன் பாடிய பாட்டுக்கும் அவள் பாடிய பாட்டுக்கும் ஒரே இலக்கணம்தான். ஆணின் பாட்டு பாட்டாகவே விடப்பட்டது. பெண்ணின் பாட்டு சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

கோவலனுக்கும் சண்முகசுந்தரத்துக்கும் இடையே பதினைந்து நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கும். ஐயம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவையில் தன் விழைவை ஆடிக்காட்டத் துணிந்த பெண் அவைக்கு வெளியேயும் அப்படித்தான் இருப்பாள் என்று எண்ணும் பழக்கம் அது. மாதவி அந்த வாழ்விலிருந்து விலகித் துறவு பூண்டாள். மகள் மணிமேகலையையும் அந்த வழியிலிருந்து விலக்கினாள். மோகனாம்பாளுக்குத் திருமணம் வாய்க்கிறது. துறவோ திருமணமோ, இரண்டில் ஒன்று கிடைத்த பின்தான் கதை அவளை நிம்மதியாக விடுகிறது. ஆடிக்கொண்டே, தன் விருப்பப்படி, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் வாழும் பெண்ணைக் காட்ட இரண்டு ஆசிரியர்களும் துணியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படி ஒருத்தி அந்தப் படத்திலேயே ஓரமாக இருக்கிறாள் என்று யாராவது எழுந்து சொன்னால், நாம் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வோம். மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி அவள். பட்டும் பதக்கமும் இல்லாத, மேட்டுக்குடியினர் மதிக்காத ஆட்டக்காரி. தன் உழைப்பில் உண்பவள். சண்முகசுந்தரத்தைப் பெரிதும் மதிப்பவள். அந்த மதிப்புக்குக் கூலியாக எதையும் கேட்காதவள். செவ்வியல் ஆட்டக்காரிக்குத் தூய்மைச் சான்று தேவைப்படுகிறது, கொட்டகை ஆட்டக்காரியை யாரும் கேட்பதில்லை. கேட்காததற்குக் காரணம் மதிப்பில்லை, புறக்கணிப்பு. ஆயினும் அந்தப் புறக்கணிப்பின் இடுக்கில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து நிற்கிறாள்.

இதே கேள்வியைத் தமிழ்நாட்டு எழுத்தாளர் ஒருவரின் கதையும் எழுப்பியது. ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதி 1958இல் வெளியிட்ட 'தி கைட்' நாவலின் ரோஸி, கோயிலாட்டக் குடும்பத்தில் பிறந்து பல்கலைக்கழகத்தில் முதுகலை வரை படித்தவள். பழஞ்சிற்பங்களையும் குகை ஓவியங்களையும் ஆராயும் கணவனுக்குச் சுவரில் ஆடும் பெண் பிடிக்கும். வீட்டில் ஆடும் பெண் பிடிக்காது. 1965இல் விஜய் ஆனந்த் இதை இந்தியில் படமாக்கியபோது ரோஸியாக நடித்தவர் செங்கல்பட்டில் பிறந்து பரதம் பயின்ற வஹீதா ரஹ்மான். கடைத்தெருவில் சலங்கை வாங்கிக் காலில் கட்டிக்கொண்டு, பல ஆண்டு அடக்கத்தை உதறி அவள் ஆடும் காட்சி அன்றைய இந்தியத் திரையில் அரியது. அவள் தெளிவாகவே திருமணத்துக்கு வெளியே வந்துவிட்டாள். படம் அதற்காக அவளைத் தண்டிக்கவில்லை.

நாவலையும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவருக்கு ஒரு வேறுபாடு கிடைக்கும். விடுதலை பெற்றுத்தந்த ராஜுவே பின்னர் அவள் வருமானத்தை ஆளத் தொடங்குகிறான். அவள் கையொப்பத்தை அவனே இட்டுச் சிறை செல்கிறான். கணவனிடமிருந்து தப்பியவள் காதலனின் கணக்கேட்டில் சிக்கியது வரை இரண்டும் ஒன்றே. நாவலில் அவள் அதன்பின் தன் வழியே போய்விடுகிறாள். ராஜு இல்லாமலும் அவள் ஆட்டம் சிறக்கிறது, அதைச் சிறையிலிருந்தே அவன் அறிகிறான். படத்திலோ இறுதியில் அவள் அவனைத் தேடி வந்து நிற்கிறாள். திரைப்படத்துக்குக் காதல் நிறைவுற வேண்டும். நாவலாசிரியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாராயணுக்குப் படம் பிடிக்கவில்லை என்பது எல்லாரும் அறிந்த செய்தி. இந்த ஒரு இடத்திலாவது நாம் அவர் பக்கம்.

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரையும் நினைக்க வேண்டும். 1929இல் பினாங்கில் பிறந்த பி. ரம்லி 1962இல் எடுத்த 'இபு மெர்துவாகு' மலாய்ப் படத்தை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். செல்வச் சீமாட்டியின் மகள் சபாரியா ஓர் இசைக் கலைஞனைக் காதலித்து மணந்து, தாயால் கைவிடப்பட்டுக் கணவனோடு பினாங்குக்கு வருகிறாள். மணத்துக்காக அவன் இசையை விட்டுக் கூலி வேலைக்குப் போகிறான். வறுமை முற்றியதும் அவள் தாயிடமே திரும்புகிறாள். அதற்குப்பின் அவள் வாழ்வைத் தாயே எழுதுகிறாள். சபாரியாவும் துணிந்து காதலித்தவள்தான். அவளுக்கும் மோகனாம்பாளுக்கும் உள்ள வேறுபாடு மனவுறுதியில் இல்லை என்பது நம் எண்ணம். மோகனாம்பாளின் காலில் ஒரு தொழில் இருந்தது. தாய் கைவிட்டாலும் காதலன் ஐயுற்றாலும் அவளால் ஒரு மேடை ஏறிப் பிழைத்திருக்க முடியும். சபாரியாவிடம் அப்படி எதுவும் இல்லை. காதலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, தானே சோறுண்ணும் திறனோடு சேர்ந்திருந்தால்தான் நிலைக்கிறது என்பதை இரு படங்களும், எடுத்தவர்கள் எண்ணியோ எண்ணாமலோ, காட்டிவிடுகின்றன.

பத்மினியின் வாழ்க்கையும் இதனோடு ஒட்டிப் பேசத்தக்கது. உதயசங்கர் எடுத்த 'கல்பனா'வில் 1948இல் ஆடத் தொடங்கியவர், 1961இல் திருமணம் செய்துகொண்டார். மோகனாம்பாளாக நடித்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. ஒரு குழந்தைக்குத் தாய். பின்னர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடனப் பள்ளி நடத்தினார். திருமணத்தோடு ஆட்டம் முடியும் என்ற எழுதா விதியை மோகனாம்பாளைவிட அவளாக நடித்தவர் நன்றாகவே மீறிக்காட்டினார்.

இன்னொருவரைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பொழிவு குறையுடையதாகும். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி. கோயில் மரபுக் குடும்பத்தில் 1918இல் பிறந்து, சூழ இருந்த உலகம் ஆட்டத்தைத் துறந்தபோதும் துறக்காதவர். சிருங்காரத்தைக் குறைத்து ஆட்டத்தைத் 'தூய்மை' செய்ய வேண்டும் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. சிருங்காரமே அதன் உயிர் என்று இறுதிவரை சொன்னார். 1976இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி 'பாலா' என்னும் ஆவணப்படம் எடுத்தார். அதில் அவர் கடற்கரையில் ஆடுகிறார். காற்று புடவையைப் பிடித்து இழுக்கிறது, அலை பின்னால் ஓய்வின்றி வருகிறது. ஐம்பதுகளின் இறுதியில் இருந்த அந்த அம்மையாரின் கை, அழைப்பதும் அதட்டுவதும் கொஞ்சுவதுமாக நகர்கிறது. ஒப்பனைப் பொலிவோ அரண்மனையோ வில்லனோ இல்லை. அவருடைய காதல் யாரிடம், அவர் யாருக்கு உரியவர் என்று ராயின் படம் கேட்பதும் இல்லை. மோகனாம்பாளின் கதையில் பெயர் சொல்லப்படாத அந்த மரபு, இங்கே தன் முகத்தோடு வந்து ஆடுகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் மாணவர்களுக்குக் காட்டலாம்.

காட்டுவதில் என்ன பயன்? மலேசியாவில் நடனம் கற்க இடமில்லாத குறை இன்று இல்லை. 1981இல் தொடங்கப்பட்ட நுண்கலைக் கோயில் கோலாலம்பூரிலும் நம் பினாங்கிலும் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறது. மலாய்க்காரரான ரம்லி இப்ராகிம் பரதமும் ஒடிசியும் பயின்று 1983இல் சூத்ரா அரங்கை நிறுவி, இந்த ஆட்டத்துக்கு இனவேலி இல்லை என்று மெய்ப்பித்தார். தீபக் குமரன் மேனன் 2007இல் எடுத்த 'சலங்கை' என்னும் நம் நாட்டுத் தமிழ்ப்படம் பிரிக்பீல்ட்ஸ் ஏழைக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியின் நடன ஆசையைப் பேசியது. ஆக, தொடங்குபவர்கள் பலர். தொடர்பவர்களைத்தான் காணோம்.

உங்கள் பள்ளிகளையே எண்ணிப் பாருங்கள். ஏழு வயதில் சலங்கை கட்டுகிறாள். பள்ளி விழா ஒவ்வொன்றிலும் அவள்தான் வரவேற்பு நடனம். மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அச்சிட்டு, சென்னையிலிருந்து பக்க இசைக்காரர்களை வரவழைத்து அரங்கேற்றமும் நடக்கிறது. எஸ்.பி.எம். தேர்வு நெருங்கியதும் சலங்கை அலமாரி மேலே போகிறது. தேர்வு முடிந்தபின் இறங்கி வருவது சிலருக்குத்தான். பல்கலைக்கழகம், வேலை, பிறகு திருமணப் பேச்சு. பெண் பார்க்க வருபவர்களிடம் நடனம் தெரியும் என்று பெருமையாகச் சொல்கிறோம். மணமான பின் மேடையேறுவாளா என்று அவர்கள் கேட்டால், அதெல்லாம் சின்ன வயதில் என்று நாமே முந்திக்கொண்டு விடை சொல்கிறோம். அவளிடம் யாரும் கேட்பதில்லை. மைனரும் மகாராஜாவும் இல்லாத ஊரில், அன்பான பெற்றோர் கையாலேயே இது நடந்துவிடுகிறது.

அதனால் ஆசிரியர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. அரங்கேற்று காதையை நடத்தும் நாளில், எண்ணும் சுண்ணமும் போல மாலையின் விலையையும் தலைக்கோலின் அளவையும் மட்டும் மனப்பாடம் செய்ய வைத்து நிறுத்திவிடாதீர்கள். மாதவிக்கு எது கிடைத்தது, எதைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு இடமிருந்தது என்று கேளுங்கள். அதன்பின் வகுப்பில் ஆடத் தெரிந்த மாணவி எவளேனும் இருந்தால், மோகனாம்பாள் தூணின் பின்னே இருப்பவனிடம் பேசும் காட்சியை அவளே விளக்கட்டும். எந்த முத்திரை என்ன சொல்கிறது, எந்தப் பார்வை அவைக்கு, எந்தப் பார்வை அவனுக்கு என்று அவள் சொல்லும்போது, வகுப்பறையில் உள்ள எவரையும்விட அவளுக்கு அதிகம் தெரிந்திருப்பது எல்லாருக்கும் புலப்படும். மாணவிகளுக்கும் ஒரு சொல். தேர்வுக்காகச் சலங்கையை இறக்கி வையுங்கள், தவறில்லை. எங்கே வைத்தீர்கள் என்பதை நீங்களே நினைவில் வைத்திருங்கள். வேறொருவர் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள்.

பேச்சு இத்துடன் போதும். மூன்று காட்சிகளைத் திரையிட ஏற்பாடு செய்திருக்கிறோம்: தூண் காட்சி, நலம் விசாரிக்கும் காட்சி, பிறகு ராயின் கடற்கரை. முதற்காட்சியை இருமுறை காட்டுவோம். முதன்முறை ஒலி இராது. பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னே வந்து அமரலாம். விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள்.